நூலகச் சுவருக்கு என்ன செய்யலாம்? ஃபைபர் சிலை வேண்டாம் என்று சொல்ல எனக்குக் காரணம் வேண்டும்

செம்மண்காரன்

வணக்கம். காரைக்குடிப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் 1996 முதல் 1999 வரை படித்தவன் நான். கல்லூரிப் பெயரை எழுதவில்லை, எழுதினால் அடுத்த பழைய மாணவர் கூட்டத்தில் எனக்கு டீ வராது. எங்கள் செட்டு 25 வருடம் கழித்துக் கூடியபோது பேச்சுவாக்கில் ஆரம்பித்த வசூல் இப்போது ஏழு லட்சத்தில் வந்து நிற்கிறது. வளாகத்தில் எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி ஒரு கலைவேலை செய்துகொடுப்பது என்று முடிவு. அதுவரைக்கும் சண்டை இல்லை.

புதிதாக ஒரு நூலகம் கட்டியிருக்கிறார்கள். மூன்று மாடி. முன்பக்கம் நீலக் கண்ணாடியும் ஏ.சி.பி. என்கிற அலுமினியப் பூச்சு ஷீட்டும், பார்த்தால் நகைக்கடையா நூலகமா என்று தெரியாது. மேற்குப் பக்கம் ஜன்னலே இல்லாத மொட்டைச் சுவர், 40 அடி அகலம், 30 அடி உயரம் இருக்கும். நிர்வாகம் சொல்வது என்னவென்றால், வாசலில் 15 அடிக்கு ஒரு ஃபைபர் சிலை: திறந்த புத்தகம், அதன் மேல் பூமி உருண்டை, உருண்டையின் மேல் பட்டமளிப்புத் தொப்பியோடு கையைத் தூக்கிக்கொண்டு ஒரு பையன். கொட்டேஷனே வாங்கிவிட்டார்கள். கீழே கிரானைட்டில் எங்கள் செட்டு 83 பேரின் பெயரும் பொறிப்பார்களாம். பெயர் வருகிறது என்றதும் பாதிப் பேர் தலையை ஆட்டிவிட்டார்கள்.

எனக்கு மனசு ஒப்பவில்லை. வீட்டு முகப்பில் கஜலட்சுமிக்குப் பக்கத்திலேயே துப்பாக்கி பிடித்த வெள்ளைக்காரச் சிப்பாயைச் சுதையில் நிறுத்தி வைத்த ஊர் இது, இங்கே எங்கிருந்தோ லாரியில் வந்து இறங்குகிற உருண்டை எதற்கு? ஆனால் கூட்டத்தில் "அப்ப நீ சொல்லு, என்ன வைக்கலாம்?" என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. ஆத்தங்குடிப் பூக்கல்லை, அதாவது நம் வீடுகளில் தரைக்குப் போடுகிற பூப்போட்ட சிமெண்ட் கல்லை, அந்த மேற்குச் சுவர் முழுக்க ஒட்டிவிடலாம் என்று ஒரு யோசனை மட்டும் இருக்கிறது. அது நடக்குமா? விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பூக்கல் பட்டறை

அண்ணே, பட்டறைக்காரன் வீட்டுப் பையன் நானே சொல்கிறேன், அந்தச் சுவரில் எங்கள் கல்லை ஒட்டாதீர்கள். வியாபாரம் போகட்டும்.

பூக்கல் எப்படி வருகிறது என்று பார்த்திருக்கிறீர்களா? கண்ணாடியைத் துடைத்து வைத்து, அதன் மேல் சட்டம், சட்டத்துக்குள் பூ அச்சு. அச்சின் ஒவ்வொரு அறையிலும் அந்தந்தக் கலர்ச் சாந்தைக் கரண்டியால் ஊற்றி, அச்சைத் தூக்கிவிட்டு, முதுகுப் பக்கம் உலர்ந்த சிமெண்டும் மணலும் தூவி, அப்புறம் கலவையை வைத்து அமுக்கி மட்டம் பண்ணுவோம். ஒரு நாள் விட்டுத் தண்ணீர்த் தொட்டியில் ஊறப் போடுவோம், பிறகு வெயில். காய்ந்ததும் கண்ணாடி தானாக விட்டுவரும். சூளை கிடையாது, பாலிஷ் மெஷின் கிடையாது, அந்தப் பளபளப்பு முழுக்கக் கண்ணாடி கொடுத்தது. அதற்கு மேல் ஏறுகிற பளபளப்பு காலால் வருவது. ஆட்கள் நடக்க நடக்கத்தான் அது கல்லாகும். சுவரில் தூக்கி வைத்தால் அதன் மேல் யார் நடப்பது? மேற்கு வெயிலிலும் ஐப்பசி மழையிலும் கலர் வெளுத்து, நாலைந்து வருடத்தில் நோயாளி மாதிரி நிற்கும்.

கூரை உள்ள நடையில், வராந்தாவில் போடுங்கள். ஒன்று உடைந்தால் அந்த ஒன்றை மட்டும் பெயர்த்துவிட்டு அதே அச்சில் இன்னொன்று ஊற்றித் தருவோம். எங்கள் வீட்டில் தாத்தா காலத்து அச்சு இன்னும் ஆணியில் தொங்குகிறது. ஆனால் ஒன்று, ஆசிட் ஊற்றிக் கழுவக்கூடாது. இதைப் போர்டில் எழுதி வைத்தாலும் கழுவுகிறவர்கள் கேட்பதில்லை, அது வேறு கதை.

மதில்மேல்

ஏழு லட்சத்துக்குப் பெண்கள் கழிப்பறையைச் சரி பண்ணிக் கொடுங்கள். கலை எல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். இதைச் சொன்னால் ரசனை கெட்டவன் என்பீர்கள், பரவாயில்லை.

ஓய்வு பெற்ற டீச்சர்

மதில்மேல் தம்பி, ரசனை கெட்டவன் என்று சொல்ல மாட்டேன், ஆனால் கழிப்பறை நிர்வாகத்தின் கடமை. ஃபீஸ் வாங்குகிறவர்கள் செய்ய வேண்டியதைப் பழைய மாணவர்கள் செய்துகொடுத்தால் அடுத்த வருடம் குடிதண்ணீருக்கும் உங்களிடமே வருவார்கள். அதைச் சண்டை போட்டு வாங்குங்கள், கையெழுத்துப் போட நானும் வருகிறேன்.

செம்மண்காரன், இந்த ஊர் வளாகங்கள் எப்படி வந்தன என்பதிலிருந்து ஆரம்பிக்கலாமே. 1947ல் அழகப்பச் செட்டியார் இங்கே கலைக்கல்லூரி ஆரம்பித்தார். மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இங்கே வர வேண்டும் என்பதற்காக 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948ல் நேரு வந்து அடிக்கல் நாட்டினார், 1953 பொங்கல் சமயத்தில் ராதாகிருஷ்ணன் திறந்து வைத்தார். 48 வயது முடியும் முன்பே அந்த மனிதர் போய்விட்டார். நான் சொல்ல வருவது தானப் பெருமை இல்லை. அந்தக் காலத்தில் ஒரு இடத்தைக் கொடுப்பது என்றால் ஆட்கள் வந்து உட்காரவும் படிக்கவும் ஒரு இடத்தைக் கொடுப்பது. இப்போது நாம் கொடுப்பது கம்பி வேலி போட்ட ஒரு பொம்மை, அதன் முன்னால் நின்று போட்டோ எடுக்கலாம், வேறொன்றும் செய்ய முடியாது.

முப்பத்தோரு வருடம் வகுப்பெடுத்தேன். பிள்ளைகள் எங்கே உட்காருவார்கள் என்று எனக்குத் தெரியும். படிக்கட்டு, சைக்கிள் ஸ்டாண்டின் குட்டைச் சுவர், வேம்படி. பெரிய வீடுகளில் திண்ணை இருந்தது, வழிப்போக்கன் படுத்துக்கொள்ளலாம், முகப்பின் தேக்குத் தூணில் சாய்ந்துகொள்ளலாம். அந்தத் தூணில் இருக்கும் வேலைப்பாட்டை யாரும் எட்ட நின்று பார்க்கவில்லை, முதுகால் தேய்த்தார்கள். உங்கள் நூலகத்தில் உட்கார ஒரு திண்ணை இருக்கிறதா?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அந்த 83 பெயர். பெரிய வீடுகளின் நெற்றியில் சொந்தக்காரரின் இனிஷியல் இருக்கும், கட்டிய கொத்தனார் பெயர் ஒரு வீட்டிலும் நான் பார்த்ததில்லை. நீங்களாவது செய்தவர்கள் பெயரைப் போடுங்கள்.

இரண்டாங்கட்டு

நான் கட்டட வடிவமைப்பாளர், சொந்த ஊர் கானாடுகாத்தான் பக்கம், பிழைப்பு சென்னையில். ஜன்னல் இல்லாத நூலகச் சுவர் என்றதும் எனக்கு நினைவுக்கு வந்தது மெக்சிகோ நகரத்தின் தேசியப் பல்கலைக்கழகம். அங்கேயும் நூலகம்தான். புத்தக அடுக்குகளுக்கு வெளிச்சம் ஆகாது என்பதால் பெரிய பெட்டி மாதிரி மொட்டைச் சுவர். ஹுவான் ஓ'கோர்மன் என்பவர் 1950களின் தொடக்கத்தில் அந்த நாலு பக்கத்தையும் கல் சில்லுகளால் நிரப்பினார், ஒரு பக்கம் ஸ்பெயின்காரர்கள் வருவதற்கு முந்தைய காலம், ஒரு பக்கம் காலனி ஆட்சி, இப்படி. பெயிண்ட் கிடையாது. நாடெங்கும் சுற்றி நிறம் நிறமாகக் கல் சேகரித்தார். கல்லின் நிறம் அதன் உடம்பிலேயே இருப்பது என்பதால் இத்தனை வருட வெயிலுக்கும் அது அசையவில்லை. 2007ல் அந்த வளாகமே யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது.

இதில் பூக்கல் பட்டறைத் தம்பிக்கு ஒரு செய்தி இருக்கிறது. அங்கே சாரம் கட்டி ஒவ்வொரு கல்லாக ஒட்டவில்லை. தரையில் ஏறக்குறைய ஒரு மீட்டர் சதுர அச்சுகளில் கல்லை அடுக்கி, முதுகில் கான்கிரீட் ஊற்றி, பலகை பலகையாகச் செய்து மேலே ஏற்றினார்கள். முகம் கீழே, முதுகு மேலே. உங்கள் கண்ணாடி வேலையேதான், அளவுதான் பெரிது.

கலையும் கட்டடமும் தனித்தனி இல்லை என்பதற்கு இன்னொரு வளாகம் வெனிசுவேலாவின் காரகாஸ். வில்லனுவேவா என்ற கட்டடக் கலைஞர் அங்கே பெரிய அரங்கம் கட்டும்போது உத்தரத்தில் எதிரொலியைச் சரி செய்யப் பலகைகள் வேண்டியிருந்தன. சிற்பி கால்டர் அவற்றையே கலர் கலரான மேகங்களாகத் தொங்கவிட்டார், 1953ல். அழகுக்கு அழகு, ஒலிக்கு ஒலி. அதை எடுத்துவிட்டால் அரங்கம் கெட்டுப்போகும். உங்கள் ஃபைபர் பையனை எடுத்துவிட்டால் என்ன கெட்டுப்போகும்?

இப்போது கெட்ட செய்தி. தூண், பீம் நிறுத்தி நடுவில் செங்கல் அடைத்த சுவராகத்தான் இருக்கும். அதில் 30 அடி உயரத்துக்குக் கல் பலகையைத் தொங்கவிட நான் கையெழுத்துப் போட மாட்டேன், வேறு எந்த இன்ஜினியரும் போடக்கூடாது. ஒரு மீட்டர் பலகை இரண்டு அங்குலம் கனம் என்றால் 120 கிலோ. ஏழு லட்சத்தில் அது ஆகவும் ஆகாது. மேலே இருக்கும் சுவரை மறந்துவிடுங்கள், நல்ல சுண்ணாம்பு வெள்ளை அடித்தால் போதும். கீழ் எட்டு அடியை எடுத்துக்கொள்ளுங்கள், நூலகச் சுவரைத் தொடாமல் அரை அடி தள்ளித் தனி அஸ்திவாரத்தில் ஒரு சுவர், அதன் முன்னால் டீச்சர் சொல்கிற திண்ணை. மேற்குச் சுவர் என்பதால் காலையிலிருந்து உச்சி வரைக்கும் கட்டடத்தின் நிழல் அங்கேதான் விழும். வகுப்பு இடைவேளை எல்லாம் நிழலில் போய்விடும். சாயங்காலத்துக்கு வேம்பு வையுங்கள், இப்போதே வையுங்கள், மரம்தான் தாமதமாக வரும் கலைஞன்.

பூக்கல் பட்டறை

அண்ணே அந்த மெக்சிகோ விஷயத்தைப் படித்துவிட்டு அப்பாவிடம் சொன்னேன். "நம்ம வேலையை அங்க எவன்டா சொல்லிக் கொடுத்தது" என்றார்.

கல் சில்லு என்றால் கண்ணாடி ஆகாது, கீறிவிடும், பலகை மேல் மெல்லிய மணல் படுக்கை போட்டுக் கல்லை முகம் கீழாக அமுக்கி வைக்கலாம் என்கிறார். ஒரு மீட்டர் வேண்டாம், இரண்டடிச் சதுரம், ஒன்றரை அங்குலம் கனம். முப்பது முப்பத்தைந்து கிலோ, இரண்டு ஆள் தூக்கலாம். 40 அடிக்கு 8 அடி என்றால் சரியாக 80 பலகை. கல்லுக்கு அலைய வேண்டியதில்லை, செம்புறாங்கல் செம்மண் காட்டிலேயே கிடைக்கிறது, கருங்கல்லும் வெள்ளைக் கல்லும் பட்டறைகளில் வெட்டுத்துண்டாகக் குப்பையில் கிடக்கிறது, பழைய வீடு இடிக்கிற இடத்தில் உடைந்த பீங்கான் ஓடு மூட்டை மூட்டையாக இருக்கும். (அதைப் பார்த்தால் வயிறு எரியும், ஆனால் இடிக்கிறார்கள், என்ன செய்ய.)

கும்பகோணத்தில் படித்தவள்

நான் ஓவியக் கல்லூரி ஆள். செம்புறாங்கல் என்றதும் கை பரபரக்கிறது. சாந்திநிகேதனில் ராம்கிங்கர் பெய்ஜ் 1938ல் செய்த சந்தால் குடும்பம் சிற்பம் தெரியுமா? குடும்பத்தோடு வேறிடத்துக்கு நடந்து போகிற சந்தால் பழங்குடி ஆட்கள், காவடியில் குழந்தை, கூடவே நாய். வெண்கலம் இல்லை, பளிங்கு இல்லை. இரும்புக் கம்பிக் கூட்டின் மேல் சிமெண்டோடு அந்த மண்ணின் செம்புறாங்கல் சரளையைக் கலந்து அப்பினார். கிட்டப் போனால் சொரசொரவென்று தரையே எழுந்து நிற்கிற மாதிரி இருக்கும். அங்கே ராஜா, தலைவர் யாரும் இல்லை, அந்தப் பக்கம் தினமும் நடந்து போன ஆட்கள்தான். உங்கள் சுவரில் என்ன உருவம் வரப்போகிறது என்று யாரும் இதுவரை கேட்கவில்லையே! கல்லைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். மறுபடியும் புத்தகமும் விளக்கும் சரஸ்வதியும் வந்தால் ஃபைபருக்கும் இதற்கும் பொருளில் வித்தியாசம் இல்லை.

சிற்பிக்கு வெளியூர் போக வேண்டும் என்பதும் இல்லை. கன்னியாகுமரியில் 133 அடி வள்ளுவரை நிறுத்திய கணபதி ஸ்தபதி பிறந்தது பிள்ளையார்பட்டியில். உங்கள் கல்லூரியிலிருந்து பஸ் ஏறினால் கண்டக்டர் சில்லறை கொடுப்பதற்குள் வந்துவிடும் ஊர்.

வேளார் வீடு

மானாமதுரைப் பக்கம் நாங்கள். ஒரே ஒரு விஷயம். அய்யனார் கோயிலில் புரவி எடுப்பு பார்த்திருப்பீர்கள். மண்குதிரை செய்து, ஊரே தூக்கிக்கொண்டு போய்க் கோயிலில் நிறுத்தும். அப்புறம் அதை யாரும் பராமரிப்பதில்லை. மழையில் காது விழும், கால் விழும், செடி முளைக்கும். அடுத்த எடுப்புக்குப் புதுக்குதிரை வரும், பழசை எடுத்துப் போட மாட்டார்கள், அதுவும் நிற்கும். கெட்டுப்போகிறது என்று யாரும் வருத்தப்படுவதில்லை, திரும்பச் செய்கிற கை ஊரில் இருக்கிறது என்று தெரியும்.

ஃபைபர் பற்றி எனக்குத் தெரிந்தது இதுதான்: பக்கத்து ஊர்ப் பள்ளி ஒன்றில் ஃபைபர் யானை வைத்தார்கள், வெயிலில் பொருக்கு விட்டு உள்ளிருக்கும் நார் தெரிய ஆரம்பித்தது. பெயிண்டர் வந்து எனாமல் அடித்தார், தும்பிக்கை உடைந்தபோது ஒட்டத் தெரிந்தவர் யாரும் இல்லை. இப்போது தும்பிக்கை இல்லாமல் நிற்கிறது, பிள்ளைகள் அதைப் பன்றி என்கிறார்கள். கூட்டத்தில் நீங்கள் இதை மட்டும் கேளுங்கள் அண்ணே: உடைந்தால் யார் வந்து சரி செய்வார்கள், அவர் எந்த ஊர்?

மதில்மேல்

பன்றி 😂 சரி, திண்ணை என்றதும் கொஞ்சம் இறங்கி வந்துவிட்டேன். ஆனால் ஏழு லட்சத்தையும் ஒரேயடியாகச் செலவு பண்ணாதீர்கள். ஒரு லட்சத்தை ஃபிக்ஸடில் போட்டு அந்த வட்டி சுவருக்கு மட்டும் என்று எழுதி வாங்குங்கள். இல்லாவிட்டால் மூன்றாவது வருடம் திண்ணையில் பழைய பெஞ்சை அடுக்கி வைப்பார்கள். எங்கள் கல்லூரியில் நீரூற்று ஒன்று கட்டினார்கள், திறப்பு விழா அன்று ஓடியது.

செம்மண்காரன்

எல்லோருக்கும் நன்றி. நேற்றுக் கூட்டம் முடிந்தது. நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

மெக்சிகோ படத்தைக் காட்டினேன், "அது அமெரிக்கா, நமக்கு எதுக்கு" என்றார்கள். சந்தால் குடும்பத்தைக் காட்டினேன், "முகமே சரியா இல்லையேப்பா" என்றார் எங்கள் பொருளாளர். சரி, வேளார் வீட்டுக் கேள்வியைக் கேட்டேன். உடைந்தால் யார் வருவார்? ஃபைபர் கொட்டேஷன் கொடுத்தவருக்கு அங்கேயே ஸ்பீக்கரில் போன் போட்டோம். மெயின்டனன்ஸ் தங்கள் பொறுப்பில் வராது, கலர் ஒரு வருடம் கேரண்டி என்றார். அப்புறம் ஒரு நிமிடம் யாரும் பேசவில்லை. ஒரு வருடமா என்று கேட்டது பொருளாளர்தான்.

பையனும் உருண்டையும் போயாயிற்று. திண்ணைக்கும் சுவருக்கும் முதல்வர் வாயால் சம்மதம் சொல்லியிருக்கிறார், எழுத்தில் வரவில்லை. பெயர்தான் பெரிய ரகளை. டீச்சர் சொன்னதைச் சொன்னேன், 83 பேரில் ஒருவன் எழுந்து "காசு நாங்க, பேரு கொத்தனாருக்கா?" என்றான். கடைசியில் ஒரு வழி வந்தது: செய்கிறவர்கள் பெயர் சுவரில், எங்கள் பெயர் திண்ணையின் அடியில், குனிந்து பார்த்தால் தெரிகிற மாதிரி. பாதிப் பேர் சிரித்தார்கள், மீதிப் பேர் இன்னும் முகத்தைத் தூக்கிக்கொண்டிருக்கிறார்கள்.

கும்பகோணத்து அக்கா, என்ன உருவம் என்ற கேள்விக்கு இன்னும் பதில் இல்லை. என் மனசில் இருப்பது மழை. பெரிய வீடுகளில் நான்கு பக்க ஓட்டிலிருந்தும் வளவு என்கிற நடு முற்றத்துக்குள் இறங்குகிற தண்ணீர், தெருவில் விழுந்து ஊரணிக்கு ஓடுகிற தண்ணீர், அந்த வழி முழுவதும் ஒரே கோடாக 40 அடிக்கு. செம்புறாங்கல் தரை, கருங்கல் தண்ணீர். படமாக வரைய எனக்குக் கை வராது.

கும்பகோணத்தில் படித்தவள்

தண்ணீருக்குக் கருங்கல்லா! நல்லா இருக்கே. வரைந்து அனுப்புகிறேன், ஆனால் 80 பலகையையும் நானே நிரப்ப மாட்டேன். கோட்டை மட்டும் நான் இழுக்கிறேன். கோட்டுக்கு வெளியே உள்ள பலகைகளை இப்போது படிக்கிற பிள்ளைகள் நிரப்பட்டும், தம்பி பட்டறையில் வைத்து.

பூக்கல் பட்டறை

வரச் சொல்லுங்கள் அக்கா. ஒரு நாளைக்குப் பத்துப் பேருக்கு மேல் வேண்டாம், தண்ணீர்த் தொட்டி ஒன்றுதான் இருக்கிறது. வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வரக்கூடாது. பழைய பீங்கான் ஓடு இரண்டு மூட்டைக்குச் சொல்லிவைத்துவிட்டேன், காசு செம்மண்காரன் அண்ணன் கணக்கில்.